தூரத்தில் இருந்தும் போடலாம் கையெழுத்து

ஆக்லாந்தின் சாண்டிரிங்காமிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். மே மாதம் ஆக்லாந்து எழுத்தாளர் விழாவுக்குப் போயிருக்கிறார். உரை முடிந்து கையெழுத்து வரிசையில் நிற்கும்போது ஓர் ஊழியர் வந்து, மஞ்சள் ஒட்டுத்தாளில் இவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனாராம். ‘என் பெயரை நானே சொல்ல மாட்டேனா? எதற்கு இந்தக் கெடுபிடி?’ என்று கேட்கிறார்.

கெடுபிடியே பெயரால்தான் அம்மா. இந்த ஊரில் ‘நைரி’ என்று ஒரு பெண் சொன்னால் அதை ‘என், ஜி’ போட்டுத்தான் தொடங்க வேண்டும். மாவோரிப் பெயர் அது. சென்னைப் புத்தகக் காட்சியில் மட்டும் என்ன வாழ்கிறது? தாரணியா தாரிணியா, இரண்டு சுழியா மூன்று சுழியா என்று கூட்ட இரைச்சலில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மை அழியாது. ஓர் எழுத்து தப்பினால் அந்தப் பிரதி யாருக்கும் ஆகாது. அந்த மஞ்சள் தாள் பக்க அடையாளமாகவும் பயன்படுகிறது. எழுத்தாளர் பக்கம் தேடாமல், கேட்டுக்கொண்டிராமல் போட்டுக்கொண்டே போகலாம்.

வரிசையில் நிற்பவருக்குத் தெரியாத சங்கடங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நிறைய உண்டு. எலினார் கேட்டனின் ‘தி லூமினரீஸ்’ 2013இல் புக்கர் பரிசு பெற்றது. 832 பக்கம். அதன் தலைப்புப் பக்கத்தைத் திறந்து வையுங்கள்: இடப்பக்கம் வெறும் அட்டை, வலப்பக்கம் மொத்தப் புத்தகமும் மேடாக நிற்கிறது. பக்கத்தின் அடியில் கையெழுத்திடப் போனால் மணிக்கட்டு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கும். பத்துப் பிரதிக்குத் தெரியாது, இருநூறாவது பிரதியில் தோள் சொல்லிவிடும். ஜான் கிரீன் என்ற அமெரிக்கர் 2012இல் வெளியான தன் நாவலின் முதல் அச்சு முழுவதற்கும், 1,50,000 பிரதிக்கும், கையெழுத்துப் போட்டார். அப்படிப் போடுபவர்களுக்குப் பதிப்பகம் தனித்தாள்களைக் கட்டுக்கட்டாக அனுப்பிவிடும். கையெழுத்தானபிறகு புத்தகத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள்.

பேனா இன்னொரு தலைவலி. வழவழப்புப் பூச்சுள்ள தாள் மையை உறிஞ்சாது. ஊற்றுப்பேனாவால் எழுதி மூடினால் எதிர்ப்பக்கத்தில் கையெழுத்தின் கண்ணாடி பிம்பம் வந்துவிடும். தடித்த மார்க்கர் என்றால் மறுபக்கம் ஊறும். ஜெல் பேனாவே நல்லது: அதன் மை கெட்டியானது, குண்டு உருளும்போது மட்டும் இளகி, தாளில் பட்டதும் மறுபடி இறுகிவிடும். நிறமித் துகள் கலந்த மையாகப் பார்த்து வாங்கினால் தண்ணீர் பட்டாலும் கரையாது. ஒரு நாவலை அச்சிட ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், வெளியீட்டு மேசையில் யாரோ விட்டுப்போன விளம்பரப் பேனாவை வைப்பதை இங்கும் பார்த்திருக்கிறேன், ஊரிலும் பார்த்திருக்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தாளர் வரவே முடியாவிட்டால்? டொராண்டோவிலிருந்து ஆக்லாந்து ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். அந்த டொராண்டோவில் இருக்கும் எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 2004இல் ஒரு புத்தகப் பயணத்தின் அலுப்பில் இதை யோசித்தார். கூரியர்காரர் நீட்டும் மின்பலகையில் நாம் போடும் கையெழுத்து பறந்துபோய் வேறெங்கோ தாளில் விழுகிறது என்றே அவர் நினைத்திருந்தாராம். அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்ததும், இல்லாவிட்டால் செய்துவிடலாமே என்று நிறுவனம் தொடங்கிவிட்டார். பிறந்தது ‘லாங்பென்’.

எழுத்தாளர் தன் வீட்டில் ஒரு பலகையில் எழுதுவார். வாசகர் கடையில் இருப்பார். இருவரும் திரையில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். பேனா எந்தப் புள்ளியில் இருந்தது, எவ்வளவு அழுத்தியது, எந்த வேகத்தில் திரும்பியது என்பதெல்லாம் எண்களாகி இணையத்தில் போகும். அந்தப் பக்கம் ஓர் இயந்திரக் கை, நிஜப் பேனாவைப் பிடித்து, நிஜ மையில், நிஜப் புத்தகத்தில் அதே அசைவைத் திரும்பச் செய்யும். 2006 மார்ச்சில் லண்டன் புத்தகச் சந்தையில் உலகமே பார்க்க அரங்கேற்றியபோது இயந்திரம் முதலில் சண்டித்தனம் செய்தது. பிறகு வழிக்கு வந்தது.

அட்வுட்டுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. எலிஷா கிரே. தொலைபேசிக்கான உரிமையை கிரகாம் பெல்லிடம் பறிகொடுத்தவர் என்றே அவரை நமக்குத் தெரியும். 1888இல் கையெழுத்தைக் கம்பி வழியே அனுப்பும் கருவிக்கு அவர் காப்புரிமை பெற்றார். பேனாவின் அசைவை மின் துடிப்பாக்கி, மறுமுனையில் இன்னொரு பேனாவை அசைக்கும் கருவி. அட்வுட் சேர்த்தது இணையமும் அழுத்தமும்தான்.

இதை ‘ஆட்டோபென்’னோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஒரே கையெழுத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஆயிரம் முறை போடும். கோலமாவு நிரப்பிய ஓட்டைக்குழாயை வாசலில் உருட்டுவார்களே, அந்த மாதிரி. எங்கள் அத்தை அதைத் தொடமாட்டாள்; அவள் இழுக்கும் இழை நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். லாங்பென்னில் வருவது அத்தை இழை: ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். 2022இல் பாப் டிலனின் புத்தகம் ‘அவரே கையெழுத்திட்டது’ என்று 600 டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுத்துகள் அச்சாக ஒத்துப்போயின. ஆட்டோபென்! பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தலைச்சுற்றல் நோயால் இயந்திரத்தை நாடினேன் என்று டிலன் வருந்தி அறிக்கை விட்டார். நோயைக் குறை சொல்ல முடியாது. 600 டாலரை?

நியூசிலாந்து 2020 மார்ச்சில் எல்லையை மூடியபோது லாங்பென்னுக்குக் காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வருட ஆக்லாந்து விழா அரங்கில் நடக்கவில்லை. இணையத்தில் பேச்சு மட்டும் நடந்தது. ஆனால் லாங்பென் அதற்குள் பெயர் மாற்றிய நிறுவனத்தோடு ஒப்பந்தப் பத்திரங்களின் பக்கம் போயிருந்தது. அங்கேதான் காசு. கடைக்காரர்கள் பழைய வழிக்கே திரும்பினார்கள்: எழுத்தாளர் சிறு சீட்டுகளில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்புவார், நாம் உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மலிவான பசையில் உள்ள அமிலம் சில வருடத்தில் பக்கத்தைப் பழுப்பாக்கிவிடும். படச்சட்டம் போடும் கடைகளில் அமிலமில்லாத பசை கேட்டால் கிடைக்கும்.

வாசகி கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார். வரிசையில் முன்னால் நின்றவர் பையிலிருந்து ஏழெட்டுப் புதுப்பிரதிகளை எடுத்து, ‘பெயர் வேண்டாம், கையெழுத்து மட்டும்’ என்றாராம். அது ஏன் என்று. விற்கத்தான் அம்மா. பெயர் இல்லாவிட்டால்தானே அடுத்தவருக்குத் தள்ளிவிட முடியும்? உங்கள் மஞ்சள் தாளை அவரிடம்தான் முதலில் நீட்டியிருக்க வேண்டும்.