மகன் கேட்கும் பழைய கார்

"ஹஸ்ரத், உம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பின் என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்து இவ்வாறு கேட்டார். திருமணப் பேச்சாக இருக்குமென்று நினைத்து நான் மகிழ்ந்ததுதான் மிச்சம். விஷயம் ஒரு கார். அதுவும் 1980களில் வந்த கார். அதிலும் 'நல்லா ஓடுற' கார் வேண்டுமாம். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கின்றது. குறைக்கு உம்மாவின் இரண்டு காப்புகள் தேவைப்படுகின்றன.

உம்மாவுடன் தொலைபேசியில் பேசினேன். அவர் காப்பைப் பற்றிப் பேசவேயில்லை. "வாப்பாட வேகன் வாசல்ல எரிஞ்சத நான் பாத்தேன் ஹஸ்ரத். இனி எங்கட வாசல்ல கார் வேணாம்" என்றார். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் நடந்தவற்றை இந்தப் பக்கத்தில் நான் விவரிக்கத் தேவையில்லை. எரிந்தவற்றுள் அவர்களுடைய டொயோட்டா டீ.எக்ஸ். வேகனும் ஒன்று. மகன் பழைய கார் கேட்பதன் காரணமும் அந்த வேகன்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சகோதரிகளே, இத்தகைய கோரிக்கை இப்போது பல வீடுகளில் எழுகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் கராஜ் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தவை கூடத் தூசு தட்டப்பட்டு வீதிக்கு வந்தன. இறக்குமதி திறந்த பின்னரும் வரியைக் கேட்டால் புதிய கார் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டவில்லை. ஆகவே, பிள்ளைகள் பழையதைத் தேடுகின்றனர். அது என்ன பொருள் என்று தாய்மாருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

1977க்குப் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டபோது ஜப்பானியக் கார்கள் பெருமளவில் நம் நாட்டுக்கு வந்தன. அவற்றை வேகத்துக்காக எவரும் வாங்கவில்லை. கடைக்குச் சாமான் ஏற்றவும், கலியாண வீட்டுக்குப் போகவும், ஹஜ்ஜுக்குப் போகிறவரைக் கட்டுநாயக்கவில் விடவும்தான் வாங்கினார்கள். ஆனால், அந்தச் சாதாரணக் கார்களுக்குள்ளேயே ஓட்டம் ஒளிந்திருந்தது. காரணம் எஞ்சினின் பலமல்ல, காரின் எடை. 1978இல் வெளிவந்த சிறிய டொயோட்டா ஸ்டார்லட் ஏறக்குறைய முக்கால் தொன்தான். இன்று நம் வீதிகளில் ஓடும் பிரியஸ் 1300 கிலோவைத் தாண்டும். வெறுங்கையுடன் மலையேறுபவரையும் அரிசி மூட்டையுடன் ஏறுபவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னவருக்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. வளைவிலும் அவர்தான் இலகுவாகத் திரும்புவார்.

இவற்றுள் உலகப் புகழ் பெற்றது ஒன்று உண்டு. 1983 முதல் 1987 வரை வந்த கொரோலா ஏ.ஈ.86. 1587 சீசீ, பதினாறு வால்வு எஞ்சின், பின்சக்கர இழுவை. 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டீ' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையில் தோபு விற்பவரின் மகன் இந்தக் காரில் மலைப்பாதையில் இறங்குகிறான். அதைப் பார்த்து உலகமே மயங்கியதால் இன்று அதன் விலையை நம்மால் நினைத்தும் பார்க்க முடியாது. பெயரைக் கேட்டால் பிள்ளையிடம் "வேறு பேச்சைப் பேசு" என்று சொல்லிவிடலாம்.

ஆனால், அந்தக் காரின் அடிப்படை அமைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? அதற்கு முந்திய 70 வரிசைக் கொரோலாவிலிருந்து. நம் வாப்பாமார் வைத்திருந்த டீ.எக்ஸ். வேகனும் அதே வரிசைதான். பின்சக்கர இழுவை, 'கே' வகைச் சிறு எஞ்சின், வேகனுக்குப் பின்னால் இலை வில்லு. பாரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட வண்டிக்கு அப்படியொரு சொந்தக்காரர்! சிறு வயதில் மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் அதன் பின் ஆசனத்தில் தேசிக்காயை முகர்ந்தபடி போன எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. வாப்பா ஓட்டிய விதத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்திருந்ததோ என்று இப்போது சந்தேகம் வருகின்றது.

மற்றவை: பெட்டி வடிவ மிட்சுபிஷி லான்ஸர். இதுவும் பின்சக்கர இழுவை, இன்றும் வாலிபர்கள் உயிரை விடும் கார். வெளிநாடுகளில் 1981இல் இதே உடலில் 2000 சீசீ டர்போ எஞ்சினும் வந்தது. டைஹட்சு சரேட்டுக்கு மூன்றே சிலிண்டர்கள். அதனால் நம்மவர்கள் சிரித்தார்கள். 1993இல் கென்யாவின் சபாரி ரெலியில் டொயோட்டாவின் பெரிய கார்கள் நான்குக்கும் அடுத்தபடியாக 5, 6, 7ஆம் இடங்களில் வந்தவை சரேட்கள்.

என்றாலும், மறக்கப்பட்ட கார் எது என்று கேட்டால் நான் போர்ட் லேசரைத்தான் சொல்வேன். பெயர்தான் போர்ட், உள்ளே மஸ்டா 323. 1980இல் ஜப்பானின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதை வென்றது இந்த மஸ்டாதான். ஜப்பானில் அதன் பெயர் பமிலியா. பெயரிலேயே குடும்பம் இருக்கின்றது! பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன் அந்தக் காலச் சிறு கார்களில் அரிது, இதில் இருந்தது. நம் நாட்டுக் கார்ப் பந்தயங்களில் 1300 சீசீ லேசர், மஸ்டா கார்களுக்கென்றே தனிப் பிரிவு நடத்தப்பட்டு வந்திருக்கின்றது. மாமியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்ற அதே கார். வீட்டார் இதைக் கவனிக்காததால்தான் விலை லான்ஸர் அளவுக்கு ஏறவில்லை.

"அப்படியானால் வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். எடை குறைவு என்று சொன்னேனல்லவா? அந்தக் குறைந்த எடை கதவின் தகட்டிலும்தான் குறைந்திருக்கின்றது. இவற்றில் காற்றுப்பை கிடையாது. பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பீ.எஸ். கிடையாது. முன் ஆசனத்தில் பெல்ட் அணிவது நம் நாட்டில் கட்டாயமானது 2011இல்தான். அதுவரை எத்தனை கார்களில் பெல்ட் ஆசனத்தின் அடியில் மக்கிப் போயிற்றோ! வேகம் எதைச் செய்யும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுள் புகுந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 8 வயதுச் சிறுமியும் ஒருத்தி. 

ஆகவே, காப்பைக் கழற்றுமுன் கேட்க வேண்டியவை சில. காசு முதலில் எதற்குப் போகப்போகின்றது? சைலன்ஸருக்கும் அகன்ற ரிம்முக்கும் என்றால் காப்பு கையிலேயே இருக்கட்டும். பிரேக்குக்கும் டயருக்கும் பெல்ட்டுக்கும் என்றால் பேசலாம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். பழைய எண்ணெயுடன் பதினெட்டு வளைவில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்து இறங்கினால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும். மிதி அடிவரை போகும், கார் நிற்காது. எண்ணெய் மாற்றுவதற்கு ஒரு சோடிச் செருப்பின் விலைகூட ஆகாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று முதியோர் சொல்வதும் இதற்காகத்தான்.

எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். காபரேட்டர், பிளக், கொயில் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலை. ஊர் பாஸ் செய்வார். உதிரிப்பாகத்துக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை இருக்கின்றது. துருதான் எதிரி. பெயின்ற் பளபளத்தால் ஏமாறாமல் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அந்த இலக்கம் புத்தகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நாளில் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். 2008 முதல் புகைப் பரிசோதனையும் உண்டு. இவ்வளவு பழைய காருக்கு லீசிங் கிடைப்பது அரிது. வட்டிக்குப் பயப்படும் வீட்டுக்கு அது ஒரு நிம்மதி.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். சம்மதிக்கும்படி நான் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு லேசர் பார்க்கப் போனபோது அவரும் வந்தார். விற்பவர் பானட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டிக்கொண்டிருக்க, அவர் சாரதி ஆசனத்தடி விரிப்பைத் தூக்கினார். கீழே நிலம் தெரிந்தது.

விலையில் அந்தத் துளைக்கும் சேர்த்துக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு காப்புதான் போயிற்று. கார் இப்போது கராஜில் நிற்கின்றது. தரைக்குப் புதுத் தகடு வெல்டிங் நடக்கின்றது. அது முடிந்ததும் எங்கே நிறுத்துவது என்று மகன் கேட்டிருக்கிறார். "வாசல்லதான். வேற எங்க?" என்றாராம் உம்மா.