தேடினால் கிடைக்கணுமே!

சரோஜினி நகரில் பழைய அரசுக் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு, நம்மவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டனர். சங்கம் எங்கே என்று இனி கூகிளைத்தான் கேட்பார்கள். அது பதில் சொல்லணுமே!

அழைப்பிதழைப் படமாக மட்டும் இணையதளத்தில் போட்டால் போதாது. தேடுபொறி முதலில் நாடுவது எழுத்தை. பழைய எழுத்துருக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. நாம் அடித்த 'அ' கணினிக்கு வேறேதோ ஆங்கிலக் குறி. யூனிகோடில் 'அ'வுக்கு எங்கும் ஒரே எண், 2949. ஆகவே பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றுவோம்.

தலைப்பில் வெறும் 'விழா அழைப்பு' வேண்டாம். 'சரோஜினி நகர் தமிழர் பொங்கல் விழா' என்று, தேடுபவர் சொல்லிலேயே எழுதுவோம். பிற தமிழ்ச் சங்கத் தளங்களிலிருந்து இணைப்பும் கேட்டு வாங்குவோம். 1998இல் கூகிள் தொடங்கியதிலிருந்தே அதற்கு இணைப்புதான் சிபாரிசு.

வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தால் சில ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.