ஒரு முகவருக்கு எத்தனை கடவுச்சொற்கள்?

எல்ஐசி முகவர் ஆயுள் காப்பீட்டில் எல்ஐசி பாலிசியைத்தான் விற்பார். அமெரிக்காவில் 'இண்டிபெண்டன்ட் ஏஜென்ட்' எனப்படும் சுயேச்சை முகவர் அப்படியல்ல. வீட்டுக்கும் காருக்கும் கடைக்கும் பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டுப் பார்த்து, வாடிக்கையாளருக்கு எது தோதுப்படுமோ அதைச் சொல்வார். அவருடைய பலம் அதுதான். தலைவலியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் தனி போர்ட்டல், தனி பயனர் பெயர், தனி கடவுச்சொல். ஒரு தளம் எட்டு எழுத்து போதும் என்னும். இன்னொன்று பன்னிரண்டு கேட்கும். சில தளங்கள் குறிப்பிட்ட நாளுக்கொருமுறை மாற்றச் சொல்லும். அலுவலகத்தில் ஐந்து பேர் வேலை பார்த்தால் இத்தனையும் ஐந்து மடங்கு. விளைவாக, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய சீட்டு, எக்செல் கோப்பில் ஒரு பட்டியல், எல்லாத் தளத்துக்கும் ஒரே கடவுச்சொல், ஒரே லாகினில் நான்கு பேர். இதை முகவரின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமல்ல. மனித நினைவுக்கு மீறியதைக் கேட்டால் மனிதர்கள் குறுக்குவழிதான் தேடுவார்கள்.

அந்தக் குறுக்குவழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டிராவலர்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் கதை இருக்கிறது. 2021-இல், முகவர்களிடமிருந்து திருடப்பட்ட லாகின் விவரங்களைக் கொண்டு அந்நிறுவனத்தின் முகவர் போர்ட்டலுக்குள் ஆட்கள் புகுந்து, ஓட்டுநர் உரிம எண்களை எடுத்தார்கள். கொரோனா காலத்தில் இப்படிக் களவுபோன எண்களை வைத்து வேலையின்மை உதவித்தொகைக்குப் போலி விண்ணப்பங்கள் போடப்பட்டன. அந்த போர்ட்டலில் கடவுச்சொல்லுக்கு அப்பால் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. 2024 நவம்பரில் நியூயார்க் மாநிலம் அந்நிறுவனத்துக்கு 15.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

2023-இல் திருத்தப்பட்ட நியூயார்க் சைபர் பாதுகாப்பு விதிகள் பல அடுக்குச் சரிபார்ப்பை விரிவாகக் கட்டாயமாக்கின; கடைசிக் கட்டம் 2025 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. தேவையான விதிதான். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு ஓடிபி, தனக்கென ஒரு செயலி என்று வைத்துக்கொண்டால் முகவரின் பாரம்தான் கூடும். நான்கு பேர் பகிரும் லாகினுக்கு ஓடிபி யார் கைபேசிக்கு வரும்? அவர் விடுப்பில் போனால் அன்று யாரும் பிரீமியம் கணக்குப் பார்க்க முடியாது.

இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. ஐடி ஃபெடரேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு முன்னெடுக்கும் 'சைன்ஆன் ஒன்ஸ்' அது. முகவர் காலையில் தன் ஏஜென்சியின் மேலாண்மை மென்பொருளில் ஒரே ஒருமுறை, இரண்டடுக்குச் சரிபார்ப்போடு நுழைகிறார். பிறகு எந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போனாலும், 'இவர் இன்னார், நான் சரிபார்த்துவிட்டேன்' என்று அந்த மென்பொருள் மின்னணுக் கையொப்பமிட்ட ஒரு சான்றை அனுப்புகிறது. கடவுச்சொல் எங்கும் பயணிப்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் முகவரின் கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளவே வேண்டியதில்லை. இல்லாததைத் திருட முடியாது. ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஒரு கணக்கை மூடினால் போதும். இன்று நிறுவனம் நிறுவனமாகத் தகவல் சொல்லி நீக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கதவு திறந்தே கிடக்கும்.

தொழில்நுட்பம் புதிதல்ல, கூகுள் கணக்கைக் கொண்டு வேறு தளங்களில் நுழைவதும் இதே முறைதான். கடினமானது நம்பிக்கை. ஒரு மென்பொருள் தரும் சான்றை இன்னொரு நிறுவனம் ஏற்க வேண்டுமென்றால், தவறு நடந்தால் யார் பொறுப்பு என்பது முன்பே எழுதப்பட வேண்டும். நிறுவனங்கள் தனித்தனியே பேசிக்கொண்டிருக்காமல் எல்லோரும் கையெழுத்திடக்கூடிய பொது ஒப்பந்தத்தை உருவாக்கியதுதான் இந்த அமைப்பின் முக்கியமான வேலை.

எல்லா நிறுவனங்களும் இணையும்வரை கடவுச்சொல் மேலாண்மைச் செயலிதான் கைகொடுக்கும். அதற்கான முதன்மைக் கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும், வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். 2022-இல் அத்தகைய செயலியை வழங்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களே களவுபோயின. பலவீனமான முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தவர்களுக்கே பெரிய ஆபத்து. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கட்டாயம். காரணமின்றி அடிக்கடி கடவுச்சொல்லை மாற்றச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே சொல்லிவிட்டது. இன்னும் அதைக் கேட்கும் போர்ட்டல்கள் பழைய பாதுகாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்யும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். காப்பீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி அடுத்த முறை உங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, கமிஷன் பேச்சுக்கு முன்னால், 'சைன்ஆன் ஒன்ஸில் எப்போது சேர்வீர்கள்?' என்று கேளுங்கள். தேதியோடு பதில் வரும்வரை ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.