சாய்சதுரப் படப்புள்ளிப் படவீழ்த்திகளுக்குப் பிழையற்ற உருவங்களை ஆயத்தம் செய்தல்

ஆய்வுச் சுருக்கம்

சிற்பங்களின் முப்பரிமாண அளவீட்டிற்குப் பயன்படும் சில படவீழ்த்திகளில் படப்புள்ளிகள் சாய்சதுரமாக அமைந்துள்ளன. உருவத்தின் அளவை மட்டும் மாற்றி அவற்றிற்கு அளித்தால், தோற்றம் சரியாக இருப்பினும் அளவீடு பிழைபடும். இதன் காரணத்தையும் திருத்தும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சாய்சதுரப் படப்புள்ளி, நுண்கண்ணாடிச் சில்லு, ஊடுபுள்ளி, ஒளிப்பட்டை அளவீடு.

முன்னுரை

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயில், தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் ஆகியவற்றின் தூண் சிற்பங்கள் போன்றவற்றைத் தொடாமலே அளந்து ஆவணப்படுத்த ஒளிப்பட்டை முறை துணைபுரியும். படவீழ்த்தி ஒழுங்கான ஒளிப்பட்டைகளைச் சிற்பத்தின்மீது வீழ்த்தும். மேடுபள்ளங்களில் அவை வளைவதைக் கேமரா பதிவுசெய்யும். அவ்வளைவிலிருந்து ஆழம் கணிக்கப்படும். எனவே வீழ்த்தப்படும் பட்டையே கோணினால், கல்லில் இல்லாத வடிவம் ஆவணத்தில் இடம்பெற்றுவிடும்.

சில்லின் அமைப்பு

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லில், ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு சதுரக் கண்ணாடியாகும். அது தன் மூலைவிட்டத்தை அச்சாகக் கொண்டு சாய்கிறது. கண்ணாடிகளை 45 பாகை திருப்பி அடுக்கினால் அவ்வச்சு செங்குத்தாகிறது. ஒளியைப் பக்கவாட்டிலிருந்து செலுத்த இயல்வதால் கருவியின் தடிமன் குறைகிறது. இவ்வடுக்கு கோலத்தின் ஊடுபுள்ளியை ஒத்தது. ஒரு நிரையின் புள்ளிகள் அடுத்த நிரைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அமைகின்றன.

டிஎல்பி 4500 சில்லில் 912 நிரல்களும் 1140 நிரைகளும் உள்ளன. ஒரே நிரையில் அடுத்தடுத்த கண்ணாடி மையங்களின் இடைவெளி ஏறத்தாழ 10.8 மைக்ரோமீட்டர், நிரைகளுக்கு இடையிலான தொலைவு 5.4 மைக்ரோமீட்டர். ஆதலால் கோப்பில் வரைந்த வட்டம், உயரத்தைப்போல் இருமடங்கு அகலமுள்ள நீள்வட்டமாகத் திரையில் விழுகிறது.

இருவகைப் பிழைகள்

முதற்பிழை இந்த விகிதப் பிழை. 16:10 விகித உருவத்தை 912×1140 அளவிற்குச் சுருக்கினால் அது நீங்கும். இரண்டாவது பிழை எஞ்சி நிற்கும். ஒன்றுவிட்ட நிரைகள் அரை நிரல் அளவு விலகியிருப்பதைச் சாதாரண அளவுமாற்றம் கருதுவதில்லை. 18 நிரல்களுக்கு ஒரு சுழற்சி கொண்ட செங்குத்துப் பட்டையில், அரை நிரல் என்பது 10 பாகைக் கட்டப் பிழையாகும். அதன் விளைவாக, வழவழப்பான கற்பரப்பிலும் நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருப்பதாகக் கணிப்பு காட்டக்கூடும்.

ஆயத்தம் செய்யும் முறை

1. மூல உருவத்தை 1824×1140 என்னும் சதுரக் கட்டத்தில் அமைக்க வேண்டும். இதன் ஓர் அலகு 5.4 மைக்ரோமீட்டருக்கு இணையானது.

2. ஒளிப்படமாயின், மாதிரி எடுக்குமுன் சற்றே மழுக்க வேண்டும். இல்லையேல் நுண்கோடுகள் போலி வடிவங்களைத் தோற்றுவிக்கும்.

3. எண்ணிக்கையைச் சுழியிலிருந்து தொடங்கி, இரட்டை நிரைகளில் 0, 2, 4 ஆகிய நிரல்களையும், ஒற்றை நிரைகளில் 1, 3, 5 ஆகிய நிரல்களையும் இவ்வாறே இறுதிவரை எடுத்து, 912×1140 கோப்பாகத் தொகுக்க வேண்டும். ஒளிப்பட்டைகளாயின் இவ்விடங்களிலேயே மதிப்பை நேரடியாகக் கணக்கிடுதல் நன்று.

4. கோப்பை இழப்பில்லா வடிவில் சேமித்து, இடையில் எம்மென்பொருளும் அளவை மாற்றாதவாறு அனுப்ப வேண்டும். இக்கோப்பு கணினித் திரையில் பாதி அகலமாகக் குறுகித் தோன்றும், அது பிழையன்று.

சரிபார்த்தல்

விலகல் இரட்டை நிரையிலா ஒற்றை நிரையிலா என்பதை மாற்றிக் கொண்டால், நிரைகளுக்கு இடையிலான பிழை முழு நிரல் அளவிற்கு உயரும். விலகலை அறவே புறக்கணித்ததைவிட இது இருமடங்கு தீங்கானது. எனவே 45 பாகைச் சாய்கோடு ஒன்றை வீழ்த்திப் பார்த்தல் வேண்டும். கண்ணாடிகளின் விளிம்புகளும் அதே திசையில் அமைவதால், தேர்வு சரியெனின் கோட்டின் விளிம்பு நேராக இருக்கும். தவறெனின் வாள்பற்கள்போல் தோன்றும்.

முடிவுரை

கோப்பில் படப்புள்ளிக்குரிய எண் வேறு. சில்லில் அதன் இடம் வேறு. வட்டம் வட்டமாகத் தெரிவது மட்டும் அளவீட்டிற்குப் போதிய சான்றாகாது. ஒவ்வொரு மதிப்பையும் கண்ணாடியின் உண்மையான இடத்திலிருந்து பெற்று, சாய்கோட்டுச் சோதனையையும் முடித்த பின்னரே சிற்பங்களை அளக்கத் தொடங்குதல் வேண்டும்.