எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை

சேர்வராயன் மலையில் எஸ்டேட் பங்களா ஒன்று கைமாறும்போதும், ஏற்காட்டின் பழைய விடுதியொன்று புதுக்கோலம் பூணும்போதும், பல தலைமுறைகளாக ஒரே மூலையில் இருந்துவந்த சாய்வு நாற்காலியும் பித்தளை அண்டாவும் பீங்கான் ஜாடியும் வாசலுக்கு வந்துவிடுகின்றன. காயலான் கடைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி, மூட்டை கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறக்கிவிடுகிறார். கொடுத்தவருக்கு இடம் ஒழிந்த திருப்தி. வாங்கியவருக்கு அன்றைய ஜீவனம். ஆயினும், மலையிலேயே ஒரு குடும்பம் ஈட்டியிருக்கக்கூடிய உபவருமானம் இவ்விருவருக்கும் இடையே ஓசையின்றி நழுவிப் போகிறது.

அந்த உபவருமானத்தின் அவசியத்தை மலைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-களில் காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்த காலந்தொட்டு, பழம் பறிக்கும் கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்களும், இக்காலத்தில் மே மாதக் கோடை விழாவுக்கு வரும் உல்லாசப் பயணிகளுமே பல வீடுகளின் வரவைத் தீர்மானிக்கின்றன. மழைக்காலத்தில் கை வறண்டுவிடுகிறது. கழித்துப்போட்ட பொருளைச் செப்பனிட்டு விற்கும் தொழில் அத்தகைய மாதங்களுக்கென்றே அமைந்தது. அதற்குப் பெரும் முதலும் வேண்டாம், கடை வாடகையும் வேண்டாம்.

லாபம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு அந்தச் சாய்வு நாற்காலியே சாட்சி. இருக்கை கிழிந்த நிலையில் அது விறகு விலைக்குப் போகும். பிரம்பிழையைத் தண்ணீரில் ஊறவைத்து, சட்டத்தின் துளைகளில் முதலில் நெடுக்காகவும், பின்பு குறுக்காகவும், கடைசியில் இரு மூலைவாட்டாகவும் கோத்து இழுத்தால், உலர்ந்தவுடன் அது தானே இறுகிக்கொண்டு, தேக்கின் மதிப்பை மீட்டுத் தருகிறது. பித்தளைப் பாத்திரமும் அப்படியே. அனலில் காய்ச்சி, நவச்சாரப் பொடி தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் உட்புறமெங்கும் தேய்த்தெடுத்தால், புளியும் மோரும் பட்டுக் களிம்பேறுமே என்ற பயமின்றி அது மறுபடியும் சமையலறைக்குள் நுழையும். உலோக விலைக்குப் போகவிருந்த பண்டம் பாத்திர விலைக்குப் போகிறது. இடையிலுள்ள தொகை முழுவதும் உழைத்த கைக்குச் சொந்தம்.

பழையதைப் பொருளாகவே மதித்து விற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1985-இல் தீக்கிரையாகும் வரை சென்னை மூர் மார்க்கெட் அதற்குப் புகழ்பெற்றிருந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களையும் எனாமல் பாத்திரங்களையும் தேடிக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு இன்றும் வெளியூரார் வருகின்றனர். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை வியாபாரம் செய்வதற்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதை மட்டும், பழைய பங்களாச் சாமான்களில் கைவைப்போர் மறவாதிருத்தல் நலம்.

நம் உள்ளத்தை உறுத்தும் கவலை வேறொன்று. ஈயம் பூசுவோரின் குரல் நம் தெருக்களில் அபூர்வமாகிவிட்டது. பிரம்பு பின்னத் தெரிந்தவர் முதுமை எய்திவருகிறார். அவர்தம் மக்களோ வேறு உத்தியோகம் தேடிச் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். பின்னுகூலியைவிடப் புதிய பிளாஸ்டிக் நாற்காலி மலிவு என்று சொல்வோர் உண்டு. அது அன்றைய செலவை மட்டும் பார்க்கும் கணக்கு. செல்வம் கொழிக்கும் ஆம்ஸ்டர்டாம் நகரத்திலேயே, பழுதான வீட்டுப்பொருள்களைப் பொதுமக்கள் ஒன்றுகூடிச் சரிசெய்துகொள்ளும் கூடம் 2009-இல் தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. இழந்த வித்தையை அவர்கள் பிரயாசைப்பட்டுத் தேடிக்கொள்கிற காலத்தில், கையிலிருக்கும் வித்தையை நாம் அழியவிடுவது பெரும் விரயம். பண்டம் போனால் இன்னொரு பரணில் இன்னொன்று கிடைக்கும். கைவினை போனால் பரண் நிறையப் பண்டமிருந்தும் பிரயோஜனமில்லை.

ஆகவே, எஸ்டேட் உடையோரும் விடுதி நடத்துவோரும் பழைய சாமான்களைத் தராசில் ஏற்றுமுன், உள்ளூரில் செப்பனிடுவோர் ஒருவருக்கு அவற்றைக் காட்டட்டும். மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் இளைஞரும் பெண்களும் முதிய தொழிலாளியின் பக்கத்தில் அமர்ந்து, அவர் கை ஓயுமுன் இத்தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும்.