மெல்லக் குறையும் பார்வையும் உடன்வர வேண்டிய துணையும்

மரபுவழி விழித்திரை நோய் என்பது ஒரே நோயின் பெயரன்று. கண்ணின் பின்புறச் சுவரில் படர்ந்து, ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றும் விழித்திரையின் செல்கள், பிறவியிலேயே அமைந்த மரபணுக் குறைபாட்டால் படிப்படியாகச் செயலிழக்கும் பல நோய்களின் தொகுப்பு அது. இந்நோய்களோடு தொடர்புடைய 250-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. தொகுப்பில் மிகுதியாகக் காணப்படுவது, மருத்துவர்களும் நோயாளிகளும் சுருக்கமாக ‘ஆர்.பி.’ என்று சொல்லும் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகள் இதைவிடக் கூடுதலான விகிதத்தைக் காட்டியுள்ளன. பெரும்பாலோருக்கு இந்நோய் பல பத்தாண்டுகளில் பார்வையைச் சிறிது சிறிதாகவே குறைக்கிறது என்பதால், துணையும் பார்வை முழுவதும் போகட்டும் என்று காத்திராமல் அந்த இடைக்காலம் முழுவதிலும் உடன்வர வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உள்ளன. மங்கிய ஒளியில் காண்பதும் பக்கவாட்டில் அசைவதை உணர்வதும் குச்சி செல்களின் வேலை. நிறத்தையும் நுண்ணிய எழுத்தையும் பகுத்தறிவது கூம்பு செல்களின் வேலை. ஆர்.பி.யில் முதலில் அழிவன குச்சி செல்களாகையால், நோய் பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ இளமையிலோ இருட்டில் தடுமாறுவதாகவே வெளிப்படுகிறது. இதைச் சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் என்று எண்ணி, முருங்கைக்கீரையும் கேரட்டும் கொடுத்தே ஆண்டுகளைக் கழிக்கும் குடும்பங்கள் உண்டு. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் அச்சத்து கிடைத்ததும் சரியாகிவிடும். மரபணுவால் வருவது அவ்வாறு சரியாகாது என்பதோடு, மருத்துவர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரைகளை மிகுதியாக உண்பது கல்லீரலுக்குக் கேடாகவும் முடியும்.

குச்சி செல்கள் அழியும் வேகத்தில் பார்வைப்புலம், அதாவது கண்ணை அசைக்காமல் ஒருவர் காணக்கூடிய பரப்பு, ஓரங்களிலிருந்து சுருங்கி, இறுதியில் குழாய் வழியே பார்ப்பது போன்ற நிலை ஏற்படுகிறது. பேருந்தில் செல்பேசித் திரையைப் படித்துக்கொண்டே வந்தவர், இறங்கியதும் பையிலிருந்து வெள்ளைக் கோலை எடுத்து விரித்தால், அருகிலிருப்பவர்கள் அவர் நடிப்பதாக எண்ணிவிடுகிறார்கள்; நடுப்பார்வை எஞ்சியிருப்பதால் எழுத்து தெரிகிறது, ஓரப்பார்வை போய்விட்டதால் காலடியில் உள்ள படி தெரிவதில்லை. இதே தொகுப்பைச் சேர்ந்த ஸ்டார்கார்ட் நோயிலோ இதற்கு நேர்மாறாக நடுப்பார்வை கெடுவதால், தெருவில் தடையின்றி நடப்பவர் எதிரில் நிற்கும் உறவினரின் முகத்தை அறிய முடியாமல், கண்டும் காணாமல் போகிறார் என்ற பழிக்கு ஆளாகிறார். பார்வை உண்டு அல்லது இல்லை என்று இரண்டாக மட்டுமே பிரித்துப் பழகிய சமூகத்தில், இந்த இடைநிலையைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருப்பதே நோயாளிக்குப் பெருஞ்சுமை.

நோய் குடும்பத்தில் இறங்கும் முறையும் ஒன்றல்ல. ஒடுங்கு பண்பாக வரும்போது, குறையுள்ள மரபணுவின் ஒரு படியை மட்டும் தாங்கிய தாயும் தந்தையும் நல்ல பார்வையுடன் இருக்க, இரண்டு படிகளையும் பெறும் குழந்தைக்கு நோய் வருகிறது; அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் இதற்கான வாய்ப்பு 25 விழுக்காடு. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள தமிழ்நாட்டில், ஒரே மூதாதையிடமிருந்து வந்த அதே குறை இருபுறமும் சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஓங்கு பண்பாக வருவதில், நோயுள்ள பெற்றோர் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு இறங்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதில் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே கடுமையாகப் பாதிக்கப்படுகிறார்கள். இவற்றுள் எது என்பதை மரபணுப் பரிசோதனையும் அதையொட்டிய மரபணு ஆலோசனையும் தெளிவாக்கினால், பழியைத் தாயின் தலையில் மட்டும் சுமத்தும் பேச்சுக்கு இடமில்லாமல் போவதோடு, அடுத்த தலைமுறையின் திருமணத்தையும் மகப்பேற்றையும் அறிந்து முடிவு செய்ய வழி பிறக்கிறது.

மருத்துவம் இதில் அடியோடு கைவிரித்துவிடவில்லை. ஆர்.பி. உள்ளவர்களுக்கு இளவயதிலேயே கண்புரை வருவதும் விழித்திரையின் மையத்தில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. முன்னதற்கு அறுவையும் பின்னதற்கு மருந்தும் இருப்பதால், மருந்தில்லாத நோய் என்று மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் காக்கக்கூடிய பார்வையையும் இழக்க நேரிடுகிறது. ஆர்.பி.இ.65 என்ற மரபணுவின் இரு படிகளும் பழுதானவர்களுக்காக, நலமான மரபணுவை விழித்திரையின் அடியில் செலுத்தும் லக்ஸ்டர்னா சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அங்கு ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர் என்று விலை வைக்கப்பட்ட இந்தச் சிகிச்சை, அந்த ஒரு மரபணுக் குறைக்கு மட்டுமே உரியது. ஆகவே எந்த மரபணு பழுது என்று தெரியாமலே ஸ்டெம் செல் ஊசியால் குணமாக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பி நகையை அடகு வைப்பதற்கு முன், விழித்திரை மருத்துவர் ஒருவரைக் கேட்பது நல்லது.

அன்றாட வாழ்வுக்கான துணை வீட்டிலேயே தொடங்குகிறது. படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டுவது, வெள்ளைச் சோற்றை அடர்நிறத் தட்டில் பரிமாறுவது, கதவை அரைகுறையாகத் திறந்துவைக்காமல் முழுவதும் திறந்தோ மூடியோ வைப்பது, நடைவழியில் கிடக்கும் முக்காலியையும் குடத்தையும் ஓரமாக ஒதுக்குவது ஆகியவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. வெளியில் அழைத்துச் செல்பவர் நோயாளியின் கையைப் பற்றி இழுக்காமல், தம் முழங்கைக்குச் சற்று மேலே அவரைப் பிடித்துக்கொள்ளச் செய்து அரையடி முன்னே நடந்தால், படி ஏறுவதையும் இறங்குவதையும் உடலசைவே அவருக்கு உணர்த்திவிடும். வெள்ளைக் கோலுடன் நடக்கும் பயிற்சியையும், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ., டாக்பேக் போன்ற மென்பொருள்களின் பழக்கத்தையும், ரூபாய்த் தாளை அடையாளம் காட்ட ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட மணி செயலியையும் பார்வை ஓரளவு இருக்கும்போதே கற்றுக்கொள்பவருக்கு, பின்னர் வேலையையோ படிப்பையோ பாதியில் விடவேண்டிய நெருக்கடி குறைகிறது.

சட்டமும் சுருங்கிய பார்வைப்புலத்தைக் கணக்கில் கொள்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, எழுத்துப் பலகையை நன்றாகப் படிக்கக்கூடியவராயினும் பார்வைப்புலம் 10 பாகைக்கும் கீழே சுருங்கியிருந்தால் அவர் பார்வையற்றோர் வகையில் அடங்குவார்; 10 முதல் 40 பாகைக்குள் இருந்தால் குறைபார்வை உடையவர் ஆவார். ஆகையால் சான்றிதழுக்குச் செல்பவர், எழுத்தைப் படிக்கச் சொல்லும் சோதனையோடு நின்றுவிடாமல் பார்வைப்புலச் சோதனையின் அறிக்கையையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக்கும் தேர்வில் கூடுதல் நேரத்துக்கும் அந்தச் சான்றிதழே அடிப்படை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இழப்பு ஒரு முறையோடு முடிவதில்லை என்பதால் துயரமும் தவணை தவணையாக வருகிறது. இரவில் இருசக்கர வாகனம் ஓட்டுவதை விட்டபோது ஒன்று, அச்செழுத்தை விட்டபோது மற்றொன்று. பார்வை பெரிதும் குறைந்த சிலருக்கு, இல்லாத உருவங்களும் கோலங்களும் கண்முன் தெரிவதுண்டு. சார்லஸ் போனே நோய்க்குறி எனப்படும் இது மனநோயும் அன்று, பேய்க்கோளாறும் அன்று, பார்வைச் செய்தி குறைந்த மூளை தானே வரைந்துகொள்ளும் காட்சியே என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பாதி அச்சம் தீரும். நோயின் பெயரைச் சொல்லும் அன்றே மரபணு ஆலோசகர், குறைபார்வைப் பிரிவு, மறுவாழ்வுப் பயிற்சி மையம் ஆகிய மூன்றுக்கும் மருத்துவர் சீட்டு எழுதித் தருவது வழக்கமானால், தமக்கு முன்னே இன்னும் பல ஆண்டுக்காலப் பார்வை இருக்கிறது என்பதையும், அதற்குள் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள் எவை என்பதையும் அறிந்தவராக நோயாளி வீடு திரும்புவார்.