பேனா நின்றது, கேமரா ஓடியது!

ஹாலிவுட் எழுத்தாளர் வேலை நிறுத்தத்தில் பெரிய படங்கள் பட்ட பாடு

ஜேம்ஸ் பாண்ட் படத்தின் கதாநாயகன் துப்பாக்கி பிடிப்பார், கார் ஓட்டுவார், கூரைக்குக் கூரை தாவுவார். அவரே படப்பிடிப்புக்கு நடுவில் உட்கார்ந்து, காட்சிகளைத் திருத்தி எழுதவும் செய்தார் என்றால் நம்ப முடிகிறதா?

நடந்தது அதுதான். 2008-ஆம் ஆண்டு வெளிவந்த "குவாண்டம் ஆஃப் சோலஸ்" என்ற பாண்ட் படத்தில் நடித்தவர் டேனியல் கிரேக். படத்தின் செலவு சுமார் 20 கோடி டாலர். பணத்துக்குக் குறைவில்லை, ஆளுக்குக் குறைவில்லை. எழுத மட்டும் ஆள் இல்லை! எழுத வேண்டியவர்கள் கோஷ அட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோ வாசல்களில் நடந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான பால் ஹாகிஸ், வேலை நிறுத்தம் தொடங்குவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்புதான் தமது பிரதியை ஒப்படைத்தார். அதன் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதக்கூடாது. கையில் இருந்ததோ வெறும் எலும்புக்கூடு. தாமும் டைரக்டர் மார்க் ஃபார்ஸ்டருமாகச் சேர்ந்து காட்சிகளைத் திருத்த வேண்டி வந்தது என்றும், தாம் எழுத்தாளர் அல்ல என்றும் கிரேக் பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

கோடிக்கணக்கில் பணம் கொட்டும் முதலாளிகள், கதை முழுமையாகாமல் ஏன் கேமராவை ஓடவிட்டார்கள்? வேலை முடங்கினால் படத்தைத் தள்ளிப்போட வேண்டியதுதானே? வாசகர்களுக்கு எழும் நியாயமான கேள்வி இது.

முதலில் தேதி, பிறகுதான் கதை

ஹாலிவுட்டின் பிரமாண்டப் படங்கள் பிறப்பது கதையில் அல்ல, தேதியில். "இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன வெள்ளிக்கிழமை" என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே நாள் குறித்துவிடுகிறார்கள். அந்த நாளை நம்பி உலகமெங்கும் தியேட்டர்கள் பேசி முடிக்கப்படுகின்றன. பொம்மைக் கம்பெனிகள் பொம்மை வார்க்கின்றன. நடிகர்கள் கால்ஷீட் கொடுக்கிறார்கள். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போதே கதையும் எழுதப்படுகிறது.

படப்பிடிப்பு ஆரம்பித்துவிட்டால் எழுத்தாளரின் வேலை முடிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மழை பெய்து இடம் மாறினால் காட்சி மாறும். நடிகர் வாயில் வசனம் ஒட்டவில்லையென்றால் வரி மாறும். முதல் பாதியில் ஒரு காட்சியை வெட்டினால், பின் பாதியில் நாலு காட்சிகளுக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். அதை ஒட்டுப்போட வேண்டும்.

இதற்கு அங்கே ஒரு முறை உண்டு. முதல் பிரதி வெள்ளைத் தாளில் இருக்கும். திருத்திய பக்கங்கள் நீலத் தாளில் வரும். மேலும் திருத்தினால் இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள், பச்சை என்று நிறம் மாறிக்கொண்டே போகும். பெரிய படமொன்று முடியும்போது கதைக் கட்டு பல நிறமாகிவிடும். வேலை நிறுத்தம் வந்தால் இந்த வண்ணத் தாள்கள்தான் முதலில் நின்றுபோகின்றன. வெள்ளைத் தாளில் உள்ள குறை அப்படியே பிலிமில் ஏறிவிடுகிறது.

நாலு சென்ட் தகராறு

2007-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்கத் திரை, டெலிவிஷன் எழுத்தாளர் சங்கத்தினர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தில் அப்போது சுமார் 12 ஆயிரம் பேர். 2008 பிப்ரவரி 12-ஆம் தேதி வரை, 100 நாள் அது நீடித்தது.

தகராறு எதற்கு? ஒரு படம் தியேட்டரில் ஓடி முடிந்த பிறகும் டெலிவிஷனிலும் டி.வி.டி.யிலும் பணம் ஈட்டுகிறது. அப்படி மறுபடி மறுபடி வரும் வருமானத்தில் எழுதியவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அங்கே உள்ள ஏற்பாடு. ஒரு படம் முடிந்து அடுத்த படம் கிடைக்கும்வரை பல எழுத்தாளர்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தப் பங்கினால்தான். ஆனால் ஒரு டி.வி.டி. விற்றால் எழுத்தாளருக்குக் கிடைத்தது சுமார் 4 சென்ட். அதை இரட்டிப்பாக்கும்படி கேட்டார்கள். இன்டர்நெட்டில் காட்டப்படும் படங்களுக்கும் பங்கு கேட்டார்கள். "டி.வி.டி. வந்தபோது ஏமாந்தோம், இன்டர்நெட்டிலும் ஏமாறமாட்டோம்" என்பதே அவர்களுடைய நிலை.

முடிவில் டி.வி.டி. கோரிக்கையைக் கைவிட்டார்கள். இன்டர்நெட் பங்கைப் பெற்றார்கள். பின்னால் டி.வி.டி. தேய்ந்து இன்டர்நெட் வளர்ந்ததைப் பார்த்தால், அவர்கள் விட்டதைவிடப் பிடித்தது பெரிது என்றே சொல்ல வேண்டும்.

அதே இருவர், இரண்டு படங்கள்

வேலை நிறுத்தத்தால் படத்தின் தரம் கெடுமா, கெடாதா? இதைச் சோதித்துப் பார்ப்பதுபோலவே ஒரு சம்பவம் நடந்தது.

ராபர்ட்டோ ஒர்சி, அலெக்ஸ் குர்ட்ஸ்மன் என்று இரு எழுத்தாளர்கள். சேர்ந்தே எழுதும் ஜோடி. 2009-ஆம் ஆண்டு கோடையில் இவர்கள் எழுதிய இரண்டு பிரமாண்டப் படங்கள், ஒன்றரை மாத இடைவெளியில் வெளிவந்தன. ஒன்று மே மாதம் வந்த "ஸ்டார் ட்ரெக்". மற்றொன்று ஜூன் மாதம் வந்த "டிரான்ஸ்பார்மர்ஸ்" படத்தின் இரண்டாம் பாகம்.

"ஸ்டார் ட்ரெக்" கதை வேலை நிறுத்தத்துக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. வேலை நிறுத்தம் தொடங்கிய மூன்றாம் நாள், நவம்பர் 7-ஆம் தேதி, படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. டைரக்டர் ஜே.ஜே. ஆப்ராம்ஸ் தாமும் எழுத்தாளர் சங்க உறுப்பினர். படப்பிடிப்பில் நின்றுகொண்டிருக்கும்போது நல்ல வசனம் ஒன்று மனதில் தோன்றினாலும் அதை எழுதிச் சேர்க்க அவருக்கு உரிமை இல்லை! அந்தச் சங்கடத்தை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். ஆனாலும் அஸ்திவாரம் பலமாக இருந்ததால் கட்டடம் நின்றது.

"டிரான்ஸ்பார்மர்ஸ்" கதை அப்படி இல்லை. ஒர்சி, குர்ட்ஸ்மன் இருவரும் எஹ்ரன் க்ரூகர் என்ற மூன்றாமவரும் சேர்ந்து கதைச் சுருக்கம் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு வேலை நிறுத்தத்துக்குப் போனார்கள். டைரக்டர் மைக்கேல் பே அந்தச் சுருக்கத்தைத் தாமே விரித்துக்கொண்டு ஏற்பாடுகளைத் தொடங்கினார். எழுத்தாளர்கள் திரும்பி வந்தபோது நாள் கரைந்திருந்தது. வெளியீட்டு மாதம் மட்டும் நகரவில்லை. அவசரத்தில் எழுதி, அவசரத்தில் எடுத்தார்கள்.

பலன் என்ன? "ஸ்டார் ட்ரெக்" எழுத்தாளர் சங்கத்தின் சிறந்த திரைக்கதை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. "டிரான்ஸ்பார்மர்ஸ்" இரண்டாம் பாகமோ, மோசமான படங்களுக்குக் கேலியாக வழங்கப்படும் ராஸி பரிசுகளில் மோசமான படம், மோசமான டைரக்டர், மோசமான திரைக்கதை என்று மூன்றையும் அள்ளிக்கொண்டது. அதே இருவர், அதே பேனா, அதே வருஷம்! ஒன்றுக்கு எழுத நேரம் இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை. வேலை நிறுத்தம் படத்தைப் பாதித்தது என்று மைக்கேல் பே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மோசமான படம் உலகெங்கும் 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது; பாராட்டுப் பெற்ற "ஸ்டார் ட்ரெக்" அதில் பாதியைக்கூட எட்டவில்லை. வசூல் வேறு, தரம் வேறு. "எழுத்தாளர் இல்லாமலே படம் ஓடுகிறதே" என்று முதலாளிகளுக்கு ஒரு தைரியம் பிறப்பது இதனால்தான்.

தள்ளிப்போனவையும் கைவிடப்பட்டவையும்

எல்லோரும் தேதியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. டாம் ஹாங்க்ஸ் நடித்த "ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்" படம் 2008 டிசம்பரில் வருவதாக இருந்தது. கதையில் இன்னும் வேலை பாக்கி என்று கண்டதும், கம்பெனி அதை 2009 மே மாதத்துக்குத் தள்ளிவைத்தது.

ஜார்ஜ் மில்லர் இயக்குவதாக இருந்த "ஜஸ்டிஸ் லீக்" படம் இன்னும் பரிதாபம். நடிகர்கள் தேர்வாகியிருந்தார்கள். வேலை நிறுத்தத்தால் கதையைத் திருத்த முடியாமல் நின்றது. ஆஸ்திரேலியாவில் எதிர்பார்த்த வரிச் சலுகையும் கிடைக்கவில்லை. கடைசியில் படமே கைவிடப்பட்டது.

பெரிய படங்களில் பாதிப்பு உடனே தெரிவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். டெலிவிஷனில் இரவு நேரப் பேச்சு நிகழ்ச்சிகள் உடனடியாக நின்று, பழைய நிகழ்ச்சிகள் மறு ஒளிபரப்பாகும். சினிமாவில் அப்படி இல்லை. எங்கோ ஒரு ஸ்டேஷனில் நின்ற வண்டியின் தாமதம் பத்து ஸ்டேஷன் தள்ளி வந்து சேர்வதைப்போல, 2007 குளிர்காலத்துத் தகராறு 2009 கோடையில்தான் ரசிகன் கண்ணுக்குப் பட்டது. அதற்குள் வேலை நிறுத்தம் எல்லோருக்கும் மறந்துவிட்டது. பழி, படத்தில் பெயர் வந்தவர்கள்மேல் விழுந்தது!

பாண்டுக்கு இது புதிதல்ல

ஜேம்ஸ் பாண்டுக்கு இந்தக் கஷ்டம் முன்பே ஒருமுறை வந்ததுண்டு. 1988-ஆம் ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எழுத்தாளர்கள் ஐந்து மாதம் வேலை நிறுத்தம் செய்தார்கள். முதல் பாண்ட் படமான "டாக்டர் நோ" தொடங்கிப் பல பாண்ட் படங்களை எழுதிய ரிச்சர்ட் மைபாம், அப்போது "லைசென்ஸ் டு கில்" கதையில் ஈடுபட்டிருந்தார். சங்கத்தின் கட்டளைப்படி அவர் பேனாவைக் கீழே வைத்தார். மீதியைத் தயாரிப்பாளர்களில் ஒருவரான மைக்கேல் ஜி. வில்சன் எழுதி முடித்தார். படம் 1989-இல் வெளிவந்தது.

148 நாள் போராட்டம்

2023-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி மறுபடியும் பேனாக்கள் மூடப்பட்டன. இந்தத் தடவை 148 நாள்! இன்டர்நெட்டில் வீட்டுக்கு வீடு படம் காட்டும் கம்பெனிகள் தரும் பங்கு போதாது என்பது ஒரு குறை. கதை எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடுவார்களோ என்பது இன்னொரு பயம். ஜூலை 14 முதல் நடிகர்களும் தங்கள் சொந்தக் கோரிக்கைகளோடு சேர்ந்துகொண்டதால் கேமராக்களும் நின்றன. நடிகர்கள் போராட்டம் நவம்பரில்தான் முடிந்தது.

அந்தச் சமயத்தில் "டெட்பூல்" மூன்றாவது படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் கதாநாயகன் ரயன் ரெனால்ட்ஸ் எழுத்தாளர்களிலும் ஒருவர். நடிக்கும்போது அந்த இடத்திலேயே நகைச்சுவை சேர்ப்பது அவர் பாணி. எழுத்தாளர் வேலை நிறுத்தம் அதற்கும் தடை போட்டது. பிறகு படப்பிடிப்பே நின்றது. 2024 மே மாதம் வரவேண்டிய படம் ஜூலையில் வந்தது. 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தாமதத்தால் படம் கெட்டுவிடவில்லை.

மார்வெல் கம்பெனியின் "தண்டர்போல்ட்ஸ்" படப்பிடிப்பைத் தொடங்காமலே தள்ளிவைத்தார்கள். 2024 ஜூலையில் வருவதாக இருந்த அது, 2025 மே மாதம் வந்தது. வசூல் எதிர்பார்த்த அளவு இல்லை. ஆனால் விமர்சகர்கள் பாராட்டினார்கள். "டூன்" இரண்டாம் பாகத்தின் கதை வேறு. படம் தயாராகவே இருந்தது. நடிகர்கள் விளம்பரத்துக்கு வரமுடியாத நிலையில், 2023 நவம்பரிலிருந்து 2024 மார்ச்சுக்கு மாற்றிவைத்தார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு கணக்குப் புரிகிறது. எழுத்து நின்ற பிறகு தேதியையும் தரத்தையும் ஒருசேரக் காப்பாற்றுவது, கதை முன்பே முடிந்துவிட்ட படத்துக்கு மட்டுமே சாத்தியம். மற்றவை ஏதேனும் ஒன்றை இழக்கத்தான் வேண்டும். தேதியைப் பிடித்துக்கொண்ட படங்களில் கதை நொண்டியது. தேதியை விட்டுக்கொடுத்த படங்கள், தாமதமானாலும் முழுமையாக வர வாய்ப்புப் பெற்றன.

மும்பைச் சுவர்களில் எழுதிய பெயர்

எழுதியவனின் பங்கு என்பது ஹாலிவுட்டின் பிரச்சினை மட்டும் அல்ல. நம் மும்பைப் படவுலகுக்கும் அது பழைய பிரச்சினைதான். 1973-இல் "ஜஞ்ஜீர்" படம் வந்தபோது போஸ்டரில் கதாசிரியர்கள் பெயர் இல்லை. எழுதிய சலீம்–ஜாவேத் இருவரும் பெயிண்டர் ஒருவரைப் பிடித்து, நகரத்துப் போஸ்டர்களில் தங்கள் பெயரை எழுதவைத்தார்கள்! அந்த ஜாவேத் அக்தரே பின்னர் பார்லிமெண்டில் உறுப்பினராகி, எழுத்தாளர் உரிமைக்காக வாதாடினார். 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டருக்கு வெளியே, பிற வழிகளில் படம் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமையை, எழுதியவர் கையெழுத்துப் போட்டுக்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்று சட்டம் சொல்லிற்று.

2023-இல் அமெரிக்க எழுத்தாளர்கள் பெற்ற ஒப்பந்தமும் அதே வழியில்தான் போகிறது. இன்டர்நெட்டில் அதிகம் பேர் பார்க்கும் படங்களுக்குக் கூடுதல் தொகை. இயந்திரம் எழுதியதற்கு எழுத்தாளர் என்ற பெயர் கிடையாது.

தியேட்டரில் டிக்கெட் வாங்குபவர் கதாநாயகன் பெயரைப் பார்க்கிறார். டைரக்டர் பெயரைப் பார்க்கிறார். எழுதியவர் பெயர் திரையில் வரும் நேரத்தில் பலர் இன்னும் இருட்டில் சீட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். "எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று குறைகிறதே" என்று படம் முடிந்து வெளியே வரும்போது தோன்றினால், அந்தக் குறை பெரும்பாலும் அந்தப் பெயருக்கு உரியவரிடம்தான் போய் நிற்கும். அவர் எழுதியது பிழையாக இருக்கலாம். அல்லது எழுத வேண்டிய நாளில் அவர் வாசலுக்கு வெளியே நின்றிருக்கலாம்.